கைவேலை பழக்கும்போது நாம் செய்கிற தவறுகள்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, மேல்தொட்டி காலி. கொல்லையில் கிணறு இருந்தும், எங்கள் தெருவில் இறைக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் ஐம்பதைத் தாண்டியவர்கள். 2024-ல் ஃபெஞ்சல் புயல் வந்தபோதும் அதே கதைதான். இப்போது பிள்ளைகளுக்குக் கிணறு இறைப்பது, முடிச்சுப் போடுவது, அடுப்பு மூட்டுவது மாதிரியான வேலைகளைப் பழக்க ஆங்காங்கே ஆட்கள் கிளம்பியிருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் பழக்குகிற விதத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

பெரிய தவறு, செய்துகாட்டிவிட்டு அனுப்பிவிடுவது. கிணற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். வாளி தண்ணீரைத் தொட்டதும் மிதக்கும், முங்காது. கயிற்றைப் பக்கவாட்டில் ஒரு சுண்டு சுண்டினால்தான் சாய்ந்து நிறையும். இதை வாயால் சொல்லி வரவைக்க முடியாது. இருபது தடவை இறக்கினால் கைக்குத் தானாக வந்துவிடும். முடிச்சு சரியாக விழவில்லை என்றால் வாளி உள்ளே போய்விடும். போகட்டும், திட்டாதீர்கள். கொக்கிகள் உள்ள பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டித் துழாவி எடுக்கவும் அந்தப் பிள்ளையையே விடுங்கள். மறுநாள் அது முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாளியை இறக்கும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு மட்டும் வேண்டாம். பக்கத்தில் ஒரு பெரியவர் எப்போதும் இருக்க வேண்டும்.

அடுத்தது, பாட்டி சொன்னதைப் பாதியோடு நிறுத்துவது. தேற்றான்கொட்டையைக் கல்லில் இழைத்துக் கலங்கல் தண்ணீரில் கலந்தால் மண் அடியில் படிந்து தண்ணீர் தெளியும். பிள்ளைகள் வாய்பிளந்து பார்ப்பார்கள். ஆனால் தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் அல்ல, கிருமி அதிலேயே இருக்கும். தெளிந்ததை வடிகட்டி, நன்றாகத் தளதளவென்று கொதிக்கவைத்து, ஆறியபின் குடிக்க வேண்டும். வெள்ளம் புகுந்த கிணறு என்றால் குளோரின் போடும்வரை அதில் குடிக்கவே கூடாது. அடுப்பு மூட்டக் கற்றுத்தரும்போதும் அப்படித்தான்: மழைக்குப் பயந்து கதவைச் சாத்திய அறைக்குள் கரி அடுப்பு வைத்தால் அந்தப் புகை ஆளையே கொல்லும். இதைச் சொல்லாமல் தீப்பெட்டியைக் கையில் கொடுக்காதீர்கள்.

சமையலைப் பெண்பிள்ளைகளுக்கும் கயிறு, கத்தியைப் பையன்களுக்கும் பிரித்துக் கொடுப்பதும் தவறுதான். புயல் அப்படிப் பார்த்து வருவதில்லை.

சொல்லித்தர வெளியூர் நிபுணரைத் தேடவும் வேண்டாம். கடலூர் தேவனாம்பட்டினத்து மீனவர் குப்பத்தில் வலை பின்னுகிறவர் கையைவிட முடிச்சுக்கு வேறு பள்ளிக்கூடம் எது? அவரை அழைத்தால் அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். நன்றி சொல்லிப் பொன்னாடை போர்த்தினால் அவர் வீட்டில் உலை கொதிக்காது.

அப்புறம், பருவம் பார்க்காமல் நடத்துவது. அரையாண்டு லீவில் வடகம் போடவைத்தால் மழையில் பூஞ்சைதான் பூக்கும். அதைச் சித்திரை வெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். விதைப்பதற்கு ஆடிப்பட்டம். ஐப்பசி பிறப்பதற்குள் விறகு அடுக்குவது, தண்ணீர் தெளியவைப்பது, முடிச்சுப் போடுவது ஆகிய மூன்றையும் பழக்கி முடித்துவிடுங்கள். இந்தக் கரையில் புயல் அதற்குப் பிறகுதான் அதிகம் வரும்.