அறிவும் அறமும் வளர்ந்தால் விசுவாசம் ஆட்டம் காணுமா? வேதபாடக் குழுவில் பேசும் முறை

"அறிவியல் இவ்வளவு வளர்ந்தபின் கிறிஸ்தவம் நிற்குமா?" என்று மொட்டையாகத் தொடங்காதீர்கள். பத்து நிமிடத்தில் கூட்டம் இரண்டு கட்சியாகிவிடும். இரண்டே வழக்குகளை எடுங்கள். ஒன்றரை மணி நேரம், பத்துப் பேர், ஆளுக்கொரு வேதாகமம், ஒரு கரும்பலகை போதும்.

முதல் அரைமணி, பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற வானியலாளர் கலிலேயோவுக்கு. யோசுவா 10:12-13, சங்கீதம் 104:5 இரண்டையும் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். சூரியன் நின்றது, பூமி நிலைபேராதது என்ற இத்தகைய வசனங்களைக் காட்டித்தான், பூமி சுற்றுகிறது என்பதை 1616-ல் ரோமின் கத்தோலிக்கத் திருச்சபை மறுத்தது. 1633-ல் கலிலேயோவைத் தண்டித்தது. அன்றைய இறையியலாளர்கள் தவறினார்கள் என்று போப் இரண்டாம் ஜான் பால் 1992-ல் ஒத்துக்கொண்டார். தவறியது வசனமா, அதை வாசித்த விதமா, சபையின் அதிகாரமா? வரும் பதில்களை மூன்று பத்தியாகப் பலகையில் எழுதுங்கள். பிறகு கிறிஸ்தவ நம்பிக்கையின் சுருக்கமான நிசேயா விசுவாசப் பிரமாணத்தை வாசியுங்கள். பூமி சுற்றுகிறதா இல்லையா என்று அதில் ஒரு வரியும் இல்லை. இந்த வழக்கு இத்தோடு முடிந்துவிடும்.

மீதி ஒரு மணி நேரம் அடிமைமுறைக்கு. கடினமானது இதுதான். எஜமான்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 6:5-ல் நம் பழைய மொழிபெயர்ப்பு "வேலைக்காரரே" என்கிறது. கிரேக்க மூலத்தில் இருப்பதோ அடிமைகளைக் குறிக்கும் சொல். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சிக்கலே யாருக்கும் உறைக்காது. அடுத்து பிலேமோன் 16, அடிமையைப் "பிரியமுள்ள சகோதரன்" என்னும் வசனம்.

இந்த இடத்தில் ஒருவர் "அடிமைமுறையை ஒழித்ததே கிறிஸ்தவர்கள்தான்" என்பார். கிறிஸ்தவரான பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ் பல ஆண்டுகள் போராடி, 1807-ல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது உண்மை. ஆனால் அமெரிக்காவின் தென்மாநில பாப்டிஸ்டுகள் 1845-ல் தனிச்சபையாகப் பிரிந்தது அடிமை வைத்திருப்போரின் பக்கம் நின்றுதான். 1995-ல்தான் மன்னிப்புக் கேட்டார்கள். இரு தரப்பின் கையிலும் இருந்தது அதே வேதாகமம். "அது அந்தக் காலம்" என்று இன்னொருவர் முடிக்கப் பார்ப்பார். விடாதீர்கள். எந்த அளவுகோலால் பிலேமோனை எபேசியருக்கு மேலே வைத்தோம்? வேதத்துக்குள்ளேயே கிடைத்ததா, வெளியிலிருந்து வந்ததா? இதற்கு முழுதாக இருபது நிமிடம் ஒதுக்குங்கள். மௌனம் நீண்டாலும் நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள்.

பரிணாமத்தை யாராவது இழுத்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள். அது கலிலேயோ வழக்கைப் போன்றதல்ல. ஒரே மனுஷனாலே பாவம் வந்தது என்னும் ரோமர் 5:12-ஐத் தொடுவதால், ஆதாமையும் மீட்பையும் சேர்த்தே பேச வேண்டும். அதற்குத் தனியாக ஒரு கூட்டம் வேண்டும்.