அட்லாண்டிக்கில் ஏழு இரவு: குயின் மேரி 2 கப்பலில் கடல்நாட்களைக் கழிப்பது எப்படி?

சவுத்ஹாம்ப்டனிலிருந்து கிளம்பும் குயின் மேரி 2 வழக்கமாக 7 இரவுகள் ஓடி நியூயார்க்கில்தான் கரை தொடும். நடுவில் இறங்கிப் பார்க்க ஊர் கிடையாது. மற்ற சொகுசுக் கப்பல்களில் கடல்நாள் என்பது இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே வரும் ஓய்வு. இங்கே பயணமே அதுதான்.

முதல் முறை போகிறவர்கள் மேற்கு நோக்கிப் போவதே நல்லது. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் 5 மணி நேர வித்தியாசம். போகும்போது ஐந்து இரவுகளில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளப்படும்; தூக்கம் அவ்வளவும் லாபம். திரும்பும் திசையில் அதே மணி நேரங்கள் பறிபோகும், பெரும்பாலும் பட்டப்பகலில். காலைச் சிற்றுண்டி செரிப்பதற்குள் மதியச் சாப்பாடு வந்து நிற்கும்.

கேபினைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உயரத்தில் இருந்தால் காட்சி நன்றாக இருக்கும் என்று மேல்தளத்தை வாங்குவார்கள். ஆட்டமும் அங்கேதான் அதிகம். கப்பல் முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது நடுப்பகுதிதான் குறைவாக அசையும். ஆகவே 4 அல்லது 5-ஆம் தளம், கப்பலின் நடுவில். 6-இல் கொஞ்சம் யோசியுங்கள்: சில அறைகளுக்கு நேர் மேலே கிங்ஸ் கோர்ட் பஃபே, விடியற்காலையிலேயே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். 4, 5, 6-ஆம் தளங்களின் பால்கனிகள் கப்பலின் இரும்புச் சுவருக்குள் வெட்டப்பட்டவை. காற்று அடிக்காது, ஆனால் உட்கார்ந்தால் கடல் தெரியாது. 8-ஆம் தளத்தில் பல பால்கனிகளை உயிர்காப்புப் படகுகள் மறைக்கும். மேற்கே போகும்போது இடப்பக்கம் தெற்கைப் பார்த்திருக்கும், வெயில் அங்கேதான்.

குமட்டல் வந்தபிறகு மாத்திரை போட்டால் அநேகமாக அதுவும் வெளியே வந்துவிடும். கடல் கொந்தளிக்கும் என்று கேப்டன் அறிவித்த உடனே போட்டுக்கொள்ள வேண்டும். தூக்கம் வரும், மதுவோடு சேர்க்கக் கூடாது, வேறு மருந்து எடுப்பவர்கள் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும். வயிற்றைக் காயப்போடாமல் பிஸ்கட், பச்சை ஆப்பிள், இஞ்சி என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். போனைக் கீழே வைத்துவிட்டு அடிவானத்தைப் பாருங்கள். படிப்பதுதான் குமட்டலை அதிகமாக்கும்.

மறுநாள் நிகழ்ச்சி நிரல் முந்தின மாலையே கையில் கிடைக்கும். அதில் மூன்றை மட்டும் வட்டமிடுங்கள்: காலையில் ஒரு சொற்பொழிவு, மதியம் ஒன்று, இரவில் ஒன்று. கோளரங்கக் காட்சிக்கு இடம் குறைவு, ஏறிய அன்றே விசாரித்துவிடுங்கள். 8-ஆம் தளத்தின் முன்பக்க நூலகத்தில் ஜன்னலோர நாற்காலி வேண்டுமென்றால் காலையிலேயே போக வேண்டும். நடன அரங்கான குவீன்ஸ் ரூமில் 3.30 மணித் தேநீருக்கு 3.15-க்கே வரிசை நிற்கும்.

7-ஆம் தளத்தில் கப்பலைச் சுற்றி நடக்கலாம். மூன்று சுற்று ஏறக்குறைய 1.8 கி.மீ. கப்பலின் வேகம் சுமார் 20 நாட், அதாவது மணிக்கு 37 கி.மீ. எதிர்க்காற்றும் அதே அளவு இருந்தால் முகத்தில் 74 கி.மீ. வேகத்தில் அறையும். ஜூலையிலும் காற்றுப்புகாத ஜாக்கெட்டும் காதை மூடும் தொப்பியும் வேண்டும். குடையை மறந்துவிடுங்கள்.

சைவம் என்றால் முன்பதிவின்போதே சொல்லுங்கள், ஏறியதும் தலைமைப் பரிமாறுநரிடம் மீண்டும் சொல்லுங்கள். மறுநாள் இரவு உணவை முந்தின இரவே சொல்லிவைத்தால் நல்ல பருப்பும் காய்கறிக் கறியும் செய்து தருவார்கள், சொல்லாவிட்டால் பாஸ்தாதான். விருந்து இரவுகளில் ஆண்களுக்கு டையோடு கோட்-சூட். முறையான தேசிய உடைக்கும் இடமுண்டு, பட்டுப்புடவை தாராளமாகப் பொருந்தும். வேஷம் கட்டப் பிடிக்காதவர்கள் அன்று பஃபேயில் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

கரை மறைவதற்குள் போனை விமான முறைக்கு மாற்றுங்கள். தவறினால் கப்பலின் செயற்கைக்கோள் வழி மொபைல் சேவையில் தானாகச் சேர்ந்து ரோமிங் பில் ஏறும். நம்மூர் உருண்டை முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் அவசியம். துணி துவைக்கும் அறை இலவசம் என்பதால் எப்போதும் கூட்டம். எல்லோரும் இரவுச் சாப்பாட்டுக்குப் போகும் நேரம்தான் காலியாக இருக்கும்.

கடைசி இரவில் பெட்டிகளுக்கு அடையாளச் சீட்டு கட்டி வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுப்பு, மருந்து, பாஸ்போர்ட், முக்கியமாக அந்த ஜாக்கெட், இவற்றைக் கைப்பையில் எடுத்துக்கொண்ட பிறகே பெட்டியை வெளியே வைக்கவும். நியூயார்க் துறைமுகத்தின் நுழைவாயிலில் உள்ள வெரசானோ பாலத்துக்கு அடியில் கப்பல் நுழைவது பெரும்பாலும் விடிவதற்கு முன்னே. சுதந்திர தேவி சிலை அதன்பின் இடப்பக்கம் வரும்.