பழைய கார் நீலப்புகை விட்டால் ரிங்கை மட்டும் குறை சொல்லாதீர்கள்

என்ஜினுக்குள் ஆயில் எரிந்து சைலன்சரில் நீலப்புகை தெரிந்ததும், சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் புது ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) போட்டுவிடுவதுதான் தொடக்க கால கார்களைப் பழுது பார்ப்பவர்கள் செய்யும் முதல் தவறு. பாதி நேரம் பணம் போகும், புகை போகாது. சிலிண்டர் சுவருக்கு வரும் ஆயில் எவ்வளவு, ரிங் அங்கிருந்து வழித்த ஆயில் திரும்பிப் போக வழி இருக்கிறதா என்ற இரண்டையும் பார்க்காமல் ரிங்கைத் தொடவே கூடாது.

ஃபோர்டு மாடல் டி காரையே எடுத்துக்கொள்வோம். 1908 முதல் 1927 வரை தயாரான இந்தக் காரில் ஆயில் பம்ப் கிடையாது. ஃப்ளைவீல் வாரியிறைக்கும் ஆயிலில் ஒரு பங்கு குழாய் வழியாக முன்பக்கம் ஓடுகிறது. திரும்பி வரும் வழியில், பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடுகள் அதில் முங்கி மேலே தெளிக்கின்றன. அளவு பார்க்க ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிறு குழாய்த் திருகுகள் இருக்கின்றன. கீழ்த் திருகைத் திறந்தால் ஆயில் ஒழுக வேண்டும், மேல் திருகில் ஒழுகக் கூடாது. ‘குறைந்துவிட்டால் என்ன செய்வது’ என்று பயந்து மேல் திருகையும் தாண்டி ஊற்றுகிறவர்கள் பலர். அப்படி ஊற்றினால் எந்த ரிங்காலும் தாக்குப்பிடிக்க முடியாது. கார் சரிவில் நிற்கும்போது அளவு பார்ப்பதும் இதே வம்பில்தான் கொண்டுபோய் விடும்.

அடுத்ததுதான் பெரும்பாலோர் சறுக்கும் இடம். அந்தக் கால பிஸ்டன்கள் பலவற்றில் ஆயிலை வழிப்பதற்கென்று தனி ரிங் இல்லை. எல்லாம் ஒரே மாதிரியான வார்ப்பிரும்பு ரிங்குகள். ‘இன்றைய ஆயில் ரிங்கைப் போட்டால் தீர்ந்தது’ என்று வாங்கிப் போடுகிறார்கள். ஆனால் ரிங் உட்காரும் காடியில் துளை இல்லையென்றால் வழித்த ஆயில் எங்கே போகும்? காடிக்குள்ளேயே தேங்கி, ரிங்குக்குப் பின்னால் நிறைந்து, மறுபடியும் மேலே ஏறும். காடியின் அடியிலிருந்தோ, காடிக்குக் கீழே விளிம்பைச் சரிவாகக் கடைந்த இடத்திலிருந்தோ பிஸ்டனின் உட்புறத்துக்குச் சிறு துளைகள் போக வேண்டும். பழைய பிஸ்டனில் துளை இருந்தாலும் கரி அடைத்திருக்கலாம். பொருத்தமான டிரில் பிட்டை விரலால் பிடித்து ஒவ்வொன்றாகத் திருகிப் பாருங்கள். கறுப்புத் தூள் உதிரும்.

சரிவு முகம் கொண்ட ரிங்கைத் தலைகீழாகப் போடுவதும் சகஜம். கூர் விளிம்பு கீழ்ப்பக்கம் இருந்தால், பிஸ்டன் இறங்கும்போது ஆயிலை வழிக்கும். ஏறும்போது அதன்மேல் வழுக்கிப் போகும். மாற்றிப் போட்டால் அதே ரிங் ஆயிலை எரியும் அறைக்கு வாரி அனுப்பும்.

ரிங்கின் வாய் இடைவெளிக்கு (இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி), போரின், அதாவது சிலிண்டரின் உள்விட்டத்தின், ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.003 அங்குலம் என்பது பழைய கணக்கு. மாடல் டி காரின் போர் 3¾ அங்குலம். ஆக சுமார் 0.011 அங்குலம். ரிங்கை போருக்குள் நேராகத் தள்ளி, தேய்மானம் குறைந்த அடிப்பகுதியில் வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளக்க வேண்டும். மேலே வைத்து அளந்தால் கீழே வரும்போது முனைகள் முட்டிக்கொள்ளும். காடி அகன்றிருந்தால் புது ரிங்கும் மேலும் கீழும் ஆடி ஆயிலை இறைக்கும். போரின் உச்சியில் தேய்மானத்தால் விழுந்திருக்கும் வரம்பை எடுக்காமல் புது ரிங் போட்டால், அது முட்டி உடையவும் கூடும்.

புகை எப்போது வருகிறது என்பதையும் கவனியுங்கள். ஆக்சிலரேட்டரை விட்டு நீண்ட இறக்கத்தில் வந்து, மறுபடி மிதிக்கும்போது புகை குபீரென்று வந்தால், வால்வுகள் ஹெட்டில் உள்ள என்ஜின்களில் இன்லெட் வால்வு கைடையும் (வால்வின் தண்டு நகரும் குழல்) சந்தேகப்படலாம். என்ஜினின் அடியில் உள்ள கிராங்க் அறையின் மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலை மேலே தள்ளும். 1909 முதல் டெய்ம்லர் பயன்படுத்திய நைட் ஸ்லீவ் வால்வு என்ஜின் (வழக்கமான வால்வுக்குப் பதில் சிலிண்டருக்குள் மேலும் கீழும் நகரும் உறைகள் கொண்டது) கையில் இருந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்; மெல்லிய நீலப்புகை அதன் பிறவிக்குணம்.

ஹோனிங் (உரைகல்லால் உட்சுவரைத் தேய்ப்பது) முடித்த போரை மண்ணெண்ணெயால் துடைத்துவிட்டு மூடுவது மகா தவறு. சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம் ஒட்டாமல் போகும் வரை விடாதீர்கள். பிறகு உடனே ஆயில் பூசாவிட்டால் துரு பிடிக்கும். புது ரிங்குடன் என்ஜினை ஷெட்டிலேயே மணிக்கணக்கில் ஐடிலில் ஓட விடாதீர்கள். போர் கண்ணாடிபோல் வழவழத்துவிட்டால் ரிங் பதியாது. சூடானதும் சாலைக்குக் கொண்டுபோய், மிதமான பாரத்தில் வேகத்தை ஏற்றுவதும் விடுவதுமாக ஓட்டுங்கள். முதல் சில மணி நேரம் லேசாகப் புகைந்தால் மறுபடி கழற்ற வேண்டாம். ஆயில் எவ்வளவு குறைகிறது என்று குறித்து வைத்துக்கொண்டு ஓட்டினால் போதும்.