நாடக வகுப்பில் ஒரு சின்ன நிறுத்தம்

சூனியம் செய்ததாகக் குற்றம்சாட்டப்பட்டவர்களின் விசாரணையைப் பற்றிய ஆர்தர் மில்லரின் 'தி குரூசிபிள்' (1953) நாடகத்தை வகுப்பில் நடத்துகிறீர்களா? மூன்றாம் அங்கத்தில், குற்றம்சாட்டும் பெண் அபிகெய்லோடு தனக்குத் தவறான உறவு இருந்தது என்று ஜான் பிராக்டர் ஒப்புக்கொள்கிறான்; அது உண்மையா என்று கேட்க அவன் மனைவி எலிசபெத்தை விசாரணைக்கு அழைக்கும் இடத்தில் வாசிப்பை நிறுத்துங்கள். 'நீதிபதி டான்ஃபோர்த் யார் சொல்வதை நம்புவார், ஏன்?' என்று மாணவர்களைத் துண்டுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் தொடருங்கள். பொய்யே பேசாதவள் என்று கணவன் சொன்ன எலிசபெத், அவன் பெயரைக் காப்பாற்ற, அப்படி உறவே இல்லை என்று பொய் சொல்கிறாள்; டான்ஃபோர்த் அதையே நம்பிவிடுகிறார். இப்போது சீட்டுகளைப் பிரித்து, அவர்கள் எழுதிய காரணம் ஆதாரமா, பதவியா, பயமா என்று கேளுங்கள். பேச்சு சூடுபிடிக்கும் இடம் இதுதான், அவசரப்படுத்தாதீர்கள்.

நாடகத்துக்கு அடிப்படையான, அமெரிக்காவில் நடந்த 1692 சேலம் சூனிய விசாரணைகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டதை முன்கூட்டியே சொல்ல வேண்டாம். முடிவு தெரிந்துவிட்டால், பிள்ளைகள் யோசிக்காமலே நீதிபதியைக் குற்றம் சொல்லிவிடுவார்கள்.