அவன் இல்லாமல் ஆல்பத்தை முடிப்பது எப்படி

பேண்டில் ஒருவர் இறந்துபோய் ஆல்பம் பாதியில் நின்றால், முதலில் பாட்டுகள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் காப்பி எடுங்கள். மூன்று காப்பி, அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு டிராக்கையும் (தனித்தனியாகப் பதிந்த கருவியும் குரலும்) பாட்டின் தொடக்கத்திலிருந்து 24 பிட் வேவ் ஃபைலாக எடுத்து வையுங்கள்: எஃபெக்ட்டோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. எங்கள் பேஸ் கிடாரிஸ்ட் போன பிறகு, பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் ஒரு மாதம் அவன் லேப்டாப்பைத் தொட எங்களுக்குக் கை வரவில்லை. அதற்குள் பிளக்-இன் (ஒலியை மாற்றும் சாஃப்ட்வேர்) சந்தா காலாவதியாகிவிட்டது. பாஸ்வேர்டு அவனுக்கு மட்டும்தான் தெரியும். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அவன் அமைத்த ஒரு டோன் அப்படியே போனது.

அப்புறம் எல்லாரும் உட்கார்ந்து கேளுங்கள். எதையும் வெட்டாதீர்கள், எது முழுசாக இருக்கிறது என்று மட்டும் குறியுங்கள். எங்களுக்கு எட்டுப் பாட்டில் ஐந்து முழுசாக இருந்தது, இரண்டில் ஒத்திகை டேக், ஒன்று அவன் கிடாரோடு பாடி அனுப்பிய வாய்ஸ் நோட்.

குவீன் என்ற ராக் குழுவின் பாடகர் பிரெடி மெர்குரி 1991-ல் மறைந்தார். அவர் விட்டுப்போன குரலைச் சுற்றி வாசித்து, குழு 1995-ல் ஆல்பத்தை வெளியிட்டது. ‘மதர் லவ்’ பாட்டின் கடைசிச் சரணத்தை அவர் பாடவே இல்லை, அதை குழுவின் கிடாரிஸ்ட் பிரையன் மே தன் குரலில் பாடினார். எங்களுக்கு அந்த வழிதான் சரியென்று பட்டது.

அந்த வாய்ஸ் நோட்தான் எங்களைப் படுத்தியது. கிளிக் (வேகம் மாறாமலிருக்கக் காதில் கேட்கும் டிக்-டிக்) கிடையாது. இரண்டாம் சரணத்தில் அவன் வேகமெடுப்பான்; மேடையிலும் இதற்காகத் திட்டு வாங்குவான். டிரம்மர் அண்ணன் எல்லாவற்றையும் நிமிடத்துக்கு 92 தட்டு என்ற வேகத்தில் நேராக்கிக் கொடுத்தார். சுத்தமாக இருந்தது, ஆனால் அதில் அவன் இல்லை. தூக்கிப் போட்டோம். இப்படிச் செய்யுங்கள்: பதிவை இழுக்காமல், டெம்போ மேப்பை (சாஃப்ட்வேரில் வேகத்தைக் குறிக்கும் வரைபடம்) ஒவ்வொரு தாளச் சுற்றாக, பார் பாராக, அதற்கு ஏற்பக் குறியுங்கள், கிளிக் அவன் பின்னால் ஓடட்டும். எங்களுக்கு 88-ல் தொடங்கி 94-ல் முடிந்தது. அண்ணன் நாலு நாள் பழகினார். ஃபேன் இரைச்சலை லேசாக மட்டும் குறையுங்கள். முழுக்கத் துடைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும்.

ஏஐ குரல் வேண்டுமா என்று யாராவது கேட்பார்கள். 2024-ல் ‘லால் சலாம்’ படப் பாட்டில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏஐ மூலம் பயன்படுத்த, குடும்பங்களிடம் அனுமதி வாங்கிப் பணமும் கொடுத்ததாக ஏ.ஆர். ரஹ்மான் சொன்னார். குறைந்தபட்சம் அவ்வளவாவது செய்யுங்கள். எங்களுக்கு மனசு வரவில்லை.

மெட்டும் வரியும் அவனுடையதென்றால், நம் நாட்டில் பதிப்புரிமை (காப்பிரைட்) அவன் இறந்த பிறகும் 60 வருடம் ஓடும். இசையமைப்பாளர், பாடலாசிரியர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் அவன் உறுப்பினராக இருந்தால் வாரிசைப் பதிவு செய்யுங்கள். யாருக்கு எவ்வளவு பங்கு என்று ரிலீஸுக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கையெழுத்துக்கு முன்னால் வீட்டாருக்குப் பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். வாய்ஸ் நோட்டின் கடைசியில், “ரெண்டு நிமிஷம்மா!” என்று அவன் கத்துவது கேட்கும். வெட்டிவிடலாமா என்று அவன் அம்மாவிடம் கேட்டோம்.

“தோசை ஆறுதுன்னு கூப்பிட்டேன் அன்னைக்கு. இருக்கட்டும்ப்பா” என்றார்.