ரைடிங் பேன்ட்: வண்டியில் உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்

பைக் ஓட்டும்போது விழுந்தால் அடிபடாமல் காக்கப் போடும் ரைடிங் பேன்ட்டைக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்து வாங்காதீர்கள். நிற்கும்போது முட்டிக்கு நேராகத் தெரியும் பேடு (அடியைத் தாங்க உள்ளே வைக்கும் மெத்தை), உட்கார்ந்து காலை மடக்கியதும் துணியோடு சேர்ந்து தொடைப் பக்கம் ஏறிவிடும். கடை வாசலில் நிற்கும் உங்கள் வண்டியிலேயே உட்காருங்கள். முட்டிச் சில்லு பேடின் நடுவில் இருக்க வேண்டும், பேடின் கீழ்ப்பாகம் முட்டிக்குக் கீழுள்ள எலும்பின் மேல்பகுதியை மூட வேண்டும். அப்படி அமைந்தால் நிற்கும்போது பேடு கொஞ்சம் கீழே தொங்கும்; அது சரிதான்.

அடுத்து பேடைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் திருகுங்கள். முட்டியை விட்டு விலகி ஓடினால் அந்த சைஸ் வேண்டாம். விழுந்து சாலையில் தேய்த்துக்கொண்டு போகும்போதும் அது அப்படித்தான் ஓடும், எலும்பு தார்மேல் நேராக இறங்கும். உள்பையில் வெல்க்ரோ இருந்தால் பேடை 2 செ.மீ. இறக்கி ஒட்டி மறுபடி உட்காருங்கள்.

பேடில் இஎன் 1621-1 (EN 1621-1) என்ற ஐரோப்பியத் தர எண் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். லெவல் 2 பேடு லெவல் 1-ஐவிட அடியைக் கூடுதலாகத் தாங்கும். நம் ஊருக்கு இன்னொரு குறியும் முக்கியம்: டி பிளஸ் (T+). மெத்தென்ற பேடுகள் சூட்டில் இன்னும் இளகும். 40 டிகிரியில் சோதித்துத் தேறியதற்குத்தான் இந்தக் குறி. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் அந்த 40-ஐத் தொட்டுவிடும். இடுப்பில் பல பேன்ட்களில் வெறும் பைதான் இருக்கும், பேடு தனியாக வாங்க வேண்டும். கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.

பேன்ட்டுக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 17092. அதில் ஏஏஏ, ஏஏ, ஏ என்ற வரிசையில் தேய்வைத் தாங்கும் வலு குறையும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர்கள் ஏஏ-வுக்குக் குறைந்து வாங்க வேண்டாம். வேலூருக்குள் காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் போய்வர ஏ போதும். சி வகையில் பேடு மட்டும்தான் கணக்கு, துணி தேய்வைத் தாங்குமா என்று சோதிப்பதில்லை. காற்றோட்டத்துக்கு மெஷ் (வலைத்துணி) தேவைதான், ஆனால் அது தொடையின் முன்பக்கத்தில் இருக்கட்டும். உட்காருமிடம், இடுப்பின் பக்கம், முட்டியின் வெளிப்பக்கம் மூன்றும் கெட்டித் துணியாகவே இருக்க வேண்டும். அங்கே தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். ஒற்றைத் தையலாக இருந்து இடையில் வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிடுங்கள், துணி கிழியும் முன்பே தையல் பிரிந்துவிடும்.

தோல் தொழில் நடக்கும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் பேன்ட் தைத்து வாங்கும் ஆசை வருவது இயல்பு. உடுப்புக்கான ஆட்டுத்தோல் பெரும்பாலும் 1 மி.மீ.கூட இருக்காது. தொட்டால் பட்டுப்போல இருக்கும், தாரில் உரசினால் நொடியில் போய்விடும். ரைடிங்குக்கு 1.1 முதல் 1.3 மி.மீ. மாட்டுத்தோல் கேளுங்கள்.

கடைசியாக, உட்கார்ந்த நிலையில் பேன்ட் ஷூவின் மேல்விளிம்பை மூடுகிறதா பாருங்கள். சைலன்சர் பக்கக் கணுக்காலில் உள்பக்கம் தோல் பட்டை இல்லாவிட்டால் பாலியஸ்டர் உருகிக் காலில் ஒட்டும். துவைக்கும்போது பேடுகளைக் கழற்றிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். ஒருமுறை பலமாக விழுந்திருந்தால் பேடு பார்க்க முழுசாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.