முதலில் ஏணி, பிறகுதான் மேஸ்திரி

பழைய வீட்டைக் காப்பாற்ற வழி கேட்டு வருகிறவர்களிடம், "மாடிக்கு ஏறிப் பார்த்தீர்களா?" என்றுதான் நான் கேட்பேன். பெரும்பாலோர் ஏறியிருக்க மாட்டார்கள். வேலூரிலும் வாலாஜாபேட்டையிலும் மிஞ்சியிருக்கும் திண்ணை வீடுகள் பல மெட்ராஸ் ஒட்டுக் கூரை கொண்டவை. தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லை நிறுத்திவைத்துச் சுண்ணாம்பில் ஒட்டிய கூரை அது. மழைநீர் வடியும் தூம்பு அடைத்துத் தண்ணீர் தேங்கினால், சுவருக்குள் செருகியிருக்கும் விட்டத்தின் முனைதான் முதலில் இற்றுப்போகும். அந்த முனையைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். 'டொக்'கென்று நின்றால் சரி. பொதபொதவென்று இறங்கினால் அன்றே முட்டுக் கொடுங்கள்.

அடுத்து, சுவர் இடுக்கில் முளைத்திருக்கும் அரசங்கன்று. பிடுங்காதீர்கள், கூடவே நாலு செங்கல் வரும். சிறியதென்றால் இடுக்கிலுள்ள காரையைச் சுரண்டி வேரோடு எடுத்துவிடலாம். தடித்துவிட்டால் வெட்டி, அடிக்கட்டையில் துளையிட்டுக் களைக்கொல்லி ஊற்றி, காயும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகே இடுக்கைத் திறக்க வேண்டும்.

இனி என் முட்டாள்தனம். எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணைச் சுவர் உதிர்கிறதென்று நானே சிமெண்ட் பூசினேன். பார்க்கப் புதுப்பெண் போல இருந்தது. தரையிலிருந்து ஏறிய ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. இரண்டே மழைக்காலத்தில் உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழுந்ததுதான் கொடுமை. நூறு வருடம் தாங்கிய சுவரைக் கெடுத்தது மழையல்ல, நான்.

அதனால் பழைய சுவருக்குச் சுண்ணாம்புதான். அதற்குப் பொறுமை வேண்டும். சுட்ட கல்லைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நீற்றுங்கள். கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். சலித்து, தண்ணீர் மூடியபடி சில வாரம் வைத்தால் வெண்ணெய் போலாகும். தட்டிய கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்துப் புளித்த தண்ணீரில்தான் காரையைக் குழைப்போம். சுவரை நன்றாக நனைத்துவிட்டு, மெல்லிய பூச்சாக, ஒன்றின் மேல் ஒன்றாகப் பூச வேண்டும். ஈரச்சாக்கு குறைந்தது ஒரு வாரம் தொங்கட்டும். வேலையைத் தையிலும் மாசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் நம்மூர் வெயில் பூச்சை இறுகவிடாமல் காயவைத்து வெடிக்கச் செய்துவிடும்.

உங்கள் வீடு வேலூர்க் கோட்டை போன்ற மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னத்துக்கு அருகில் இருந்தால், முதலில் அனுமதி. எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது. பழுதுபார்க்கவும் எழுதிக் கேட்க வேண்டும். அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டர் வரையிலும் அனுமதி தேவை.

லாட்ஜ் கட்ட விலை பேசுபவர் வருமுன் ஒவ்வொரு அறையையும் படமெடுத்து, விட்டங்களை எண்ணி எழுதிவையுங்கள். வேலை நடக்கும்போது மேஸ்திரி, "ஒரு சட்டி சிமெண்ட் கலந்தால் சீக்கிரம் பிடிக்கும் சார்" என்பார். மூட்டையை வாசற்படி தாண்ட விடாதீர்கள்.